இடமிருந்து இரண்டாவது

மருதங்குளம் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் வருவதற்கு முன்னாலேயே பத்திரிகை வந்துவிட்டது. உடைமரக் காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், குடிக்கத் தண்ணீர் இல்லை, பெண் பிள்ளைகள் ஒதுங்க இடம் இல்லை, சாம்பாரில் பருப்பு இல்லை என்று மூன்று இல்லைகளைத் தலைப்பாகப் போட்டு ஆறு மாணவர்கள் சேர்ந்து அதை ஆரம்பித்தார்கள், காலில் ஏறினால்தான் ஆள் குனிந்து பார்ப்பான் என்று ‘உடைமுள்’ எனப் பெயரும் வைத்தார்கள், பெயர் வைத்த கொஞ்ச நாளில் தண்ணீர் வந்தது, மறு வருசம் கழிவறை வந்தது, பருப்பு மட்டும் இன்றைக்கு வரைக்கும் வந்தபாடில்லை.

உடைமுள்ளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தப்பு எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் அதே இடத்தில் அவ்வளவு பெரிய எழுத்தில் வரவேண்டும். ஒரு தடவை ‘விடுதிக் காப்பாளர் காலமானார்’ என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள், இறந்தது அதே பெயருள்ள வேறொருவர், அதனால் அடுத்த வாரம் ‘விடுதிக் காப்பாளர் காலமாகவில்லை’ என்று அதே முரட்டு எழுத்தில் அச்சானது. அந்த இதழைக் காப்பாளர் சட்டம் போட்டு அறையில் மாட்டி வைத்திருந்தார்.

அதில் அச்சான படங்களுக்கெல்லாம் வயதாகிக்கொண்டிருந்தது என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. பழைய பத்திரிகையை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? மூன்று வருசத்துக்கு முன்னால் நூலகத்தில் கறையான் ஏறி, கட்டுகளையெல்லாம் வெயிலில் விரித்துக் காயப்போட்டபோதுதான், அந்தக் காலத்துக் கால்பந்து கேப்டன் அரைக்கால் சட்டையும் தொப்பையும் வழுக்கைத் தலையுமாகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நூலக உதவியாளர் ஆறுமுகநயினார் பார்த்தார். பூஞ்சை பிடித்திருக்கிறது என்று துணியால் துடைத்தார். வழுக்கை இன்னும் கொஞ்சம் பளபளத்தது.

உடுப்பு அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற ஆளுக்கு மட்டும் வயதாகும். ஆள் எங்கே இருந்தாலும் அங்கே நரைத்தால் இங்கேயும் நரைக்கும், அங்கே கண்ணாடி போட்டால் இங்கேயும் ஏறும், அங்கே செத்துப்போனால் இங்கே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் வெறுமனே கிடக்கும். இயற்பியல் துறை ஒரு வருசம் கருவிகளோடு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. மற்றவர்கள் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. பழைய இதழ் அறை வாசலில், ஆஸ்பத்திரி மாதிரி, பார்வை நேரம் எழுதி மாட்டவேண்டியதாகிவிட்டது. ஓடிப்போன கூட்டாளியைத் தேடி வந்தார்கள், ஒருகாலத்தில் தங்களை வேண்டாம் என்று சொன்ன பெண்களுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டு ஏனோ அழுதுகொண்டு போனார்கள். ஒரு வங்கி மேலாளர் தன் படத்தில் தானே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கலைவிழாவில் புலி வேஷம் போட்ட ஒருவர் அறுபது வயதிலும் வாலோடு நின்றுகொண்டிருக்க, அவர் பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து காட்டினார். துணைவேந்தரும் ஒருகாலத்தில் இங்கே படித்தவர், உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருந்த படத்தில் அவருக்குத் தலை முழுக்க வெள்ளை, நேரில் கருகருவென்று இருக்கும், அந்தக் கட்டை மட்டும் பைண்டிங்குக்கு அனுப்பும்படி உத்தரவு வந்து இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த அமளியில் பத்திரிகைக்கே மறுபடி உயிர் வந்தது. சில வருசமாகக் காகிதத்தை நிறுத்திவிட்டு வாட்ஸப்பில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், வாட்ஸப்பில் வந்த படமோ என்றைக்கும் அப்படியே இருபது வயதில் நின்றது, அது என்ன படம் என்று பிள்ளைகள் சண்டை போட்டு அச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இனிமேல் படத்துக்கு நிற்கும்போது நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு நிற்பது, கிழவனாகும் வரைக்கும் அதோடுதான் இருக்கவேண்டும் என்று மாணவர் பேரவையில் தீர்மானமும் போட்டார்கள்.

பொன்விழா வந்தது. உடைமுள்ளின் வரலாற்றை மலருக்கு எழுதிக் கொடுக்கிற வேலை இதழியல் துறை ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாளிடம் வந்தது. அவளுக்கு இடுப்பில் மகள் குயிலி இருந்தாள், நடக்கத் தெரியும், ஆனால் நடக்கமாட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவாய் என்று கேட்டவர்களிடம், பிள்ளையை வைத்துக்கொண்டு சோறு பொங்கவில்லையா, துணி துவைக்கவில்லையா, எழுத்து மட்டும் என்ன பெரிய இது என்று சிரித்துவிட்டுப் பழைய இதழ் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, முதல் வருசக் கட்டு எங்க?”

“இரு பிள்ள. பேச்சியக்கா பாத்துட்டிருக்காவ. வெள்ளிக்கிழமை அவுக மொற” என்றார் ஆறுமுகநயினார்.

பெண்கள் விடுதியில் சமைக்கிற பேச்சியம்மாள்தான். மதியச் சமையலை முடித்து, முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, ஆளைப் பார்க்கப் போகிறமாதிரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவாள். முதல் இதழின் முதல் பக்கத்தில் அந்த ஆறு பேர் உட்கார்ந்திருக்கிற படம் இருந்தது. இரண்டு ஓரத்து நாற்காலிகளும் காலி. நடுவில் இரண்டு ஆண்கள், அகலக் காலரும் கால் பக்கம் விரிந்த பேண்ட்டுமாக, ஒருவருக்குச் சுத்த வழுக்கை, ஒருவருக்குத் தலை நிறைய முடி. அவர்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் இருந்திருக்க வேண்டும். வலது பக்க நாற்காலி காலியாகக் கிடந்தது. இடது பக்கத்தில் எழுபது வயது அம்மாள் ஒருத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே, ‘இடமிருந்து வலம்’ என்று பெயர்கள். இரண்டாவது பெயர் வள்ளிமுத்து. ஐந்தாவது பெயர் ஸ்டெல்லா ஞானமணி.

“வா தாயி. எங்க அக்காளப் பாத்தியா?” என்று பேச்சியம்மாள் குயிலியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். “இடமிருந்து ரெண்டாவது. போன வாரம் சளி பிடிச்சமாதிரி இருந்தா. இப்பம் தெளிஞ்சிட்டா.”

வள்ளிமுத்துவுக்கு அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்தபோது, படிப்பு முடியட்டும் என்று அவள் சொல்ல, முடித்தவரைக்கும் போதும் என்று அவர் சொல்ல, அவள் ஒரு துணிப்பையோடு ரயில் ஏறிப்போனவள்தான், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. என்றைக்காவது திரும்பினால் வீட்டுக்கு வராவிட்டாலும் படித்த இடத்துக்கு வருவாள் என்று கணக்குப் போட்டுத்தான் பேச்சியம்மாள் இங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். அக்கா வரவில்லை. படத்தில் வந்துவிட்டாள்.

“மூக்கப் பாரு, அச்சு அசலா எங்கப்பா மூக்கு” என்றாள்.

“பொட்டு இல்லையே பெரியம்மா?”

“அந்தக் காலத்து அச்சு. நாமளா பாத்து வச்சாத்தான் உண்டு.”

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. பேச்சியம்மாள் படத்தைப் பார்த்து, இந்த வாரம் விடுதியில் என்ன சண்டை, யார் வீட்டுக் கல்யாணம், எந்தப் பிள்ளை அரியர் வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், சொல்லி முடித்து, “சரி, மருந்து மாத்திரையெல்லாம் ஒழுங்கா தின்னு” என்று எழுந்து போனாள். மூன்று வருசத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது, மெஸ்ஸில் உப்பு ஒரே அளவாக விழுகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு நாள் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. இசக்கி பட்டுச் சேலையோடு போய், சாப்பாட்டை முடித்துக்கொண்டு, உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனால் நேரமாகும் என்று அப்படியே பழைய இதழ் அறைக்கு வந்தாள். இடுப்பிலிருந்த குயிலி முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், இவள் இடது தோளில் ஏற்றிக்கொண்டே இருந்தாள், ஊக்கு பிய்ந்துகொண்டு வந்தது. “அடியே, மானத்த வாங்காத” என்று பிள்ளையை இடம் மாற்றிப் பிடித்தபோது கண் முதல் பக்கத்துப் படத்தில் விழுந்தது. அந்த அம்மாளின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

சில ஊரில் அப்படியும் உடுத்துவார்கள் என்று இசக்கி முதலில் விட்டுவிட்டாள். பிறகு பக்கத்திலிருந்த வழுக்கைக்காரரின் சட்டையைப் பார்த்தாள். பை வலது பக்கம் இருந்தது. முடிக்காரருக்கும் பை வலது பக்கம், கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில். இசக்கி பக்கத்தைத் தூக்கி ஜன்னலில் வெயிலுக்கு எதிரே பிடித்து, பின்பக்கமிருந்து பார்த்தாள். முந்தானை இடது தோளுக்கு வந்தது. பைகள் அதனதன் இடத்துக்கு வந்தன. கண்ணாடி போட்ட அம்மாள் ஐந்தாவது இடத்துக்குப் போனாள். இடமிருந்து இரண்டாவதாக, காலி நாற்காலி வந்து நின்றது.

அவள் குயிலியைத் தரையில் இறக்கிவிட்டாள். குயிலி அழவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

டவுனில் படத்தை அச்சுக்குப் பிளாக் எடுத்தவர் நெகட்டிவை மறுபக்கமாக வைத்து இடத்தை வலமாக்கிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, அந்த ஆறு பேரில் முகவரி தெரிந்த ஒரே ஆளுக்கு, கோயம்புத்தூரில் முட்டி வலியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிற சங்கரபாண்டியனுக்கு, போன் போட்டாள். அவர் பெயர் மூன்றாவது. மூன்றாவது இடத்தில் இருந்தது வழுக்கை.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குத் தலையில முடி இருக்கா?”

“நீயுமா?” என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “மூணு வருசமா ஆளாளுக்குப் போன் போட்டு, என்னடா வழுக்கையாயிட்டியாமே, படத்துல பாத்தோம்ங்கான். எனக்கு எழுபத்தோரு வயசு, இன்னும் சீப்பு ஒடியுது! அந்தப் பத்திரிகைய ஆரம்பிச்சதே நாங்கதான், எங்களுக்கே இப்படியா?”

விசயம் கேட்டு, உடைமுள்ளின் இப்போதைய ஆசிரியர் ஃபர்சானா குதித்தாள். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருசம் படிக்கிற பெண், எட்டு வைத்து நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். “அக்கா! முதல் இதழ், முதல் பக்கம், முதல் படம்! அம்பது வருசமா திருத்தம் போடாத தப்பு! மலரோட முதல் பக்கத்துல, அதே இடத்துல, அதே அளவுல.”

“போடு. வேண்டாம்னு சொல்லல. நான் பேச்சி பெரியம்மாட்ட சொன்ன பெறவு போடு.”

“அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?”

சொல்லாமல் விட்டால் என்ன என்று இசக்கி நினைத்தாள். மலரில் அந்தப் படத்தையே போடாமல், மெஸ் போராட்டம், அச்சு இயந்திரம் வாங்கிய கதை என்று எழுதித் தள்ளிவிடலாம், ஒரு கிழவி வெள்ளிக்கிழமைதோறும் சந்தோசமாக வந்து போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம். நஷ்டம் ஒருவருக்கு இருந்தது. டவுனில் சந்தைப்பேட்டைத் தெருவில் தாவீது என்று ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார், ஸ்டெல்லா ஞானமணியின் அண்ணன். வடக்கே வேலைக்குப் போன தங்கை, வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு, அதோடு போக்குவரத்து அற்றுப்போய், பெற்றவர்கள் காலமான பிறகு அவளை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தவர். படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு இந்த அறைக்கு வந்தார், ஐந்தாவது நாற்காலியைப் பார்த்தார், வாசலில் கழற்றிய செருப்பைப் போடாமலே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு தேடவில்லை. வருசத்துக்கு ஒரு நாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம் என்று ஆறுமுகநயினார் சொல்லியிருந்தார்.

குயிலிக்கு ஊசி போடுகிற நாள் என்றால் இசக்கி காலையிலிருந்தே சாக்குத் தேடுவாள், லேசாகச் சுடுகிறதே, நாளைக்குப் போகலாமே என்பாள், கடைசியில் போய்ப் போட்டுக்கொண்டுதான் வருவாள். அப்படித்தான் விடுதிச் சமையல்கட்டுக்கும் போனாள்.

பேச்சியம்மாள் கூடை நிறைய உள்ளி வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து தானும் நாலு உள்ளியை எடுத்து உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“சட்டப் பை வலப்பக்கம் இருந்தா என்ன? தையக்காரன் மாத்தித் தச்சிருப்பான்.”

“ரெண்டு பேருக்குமா பெரியம்மா?”

“ஒரே தையக்காரனா இருக்கும்.”

“முந்தான?”

“எங்க அக்கா எதயும் ஊருக்கு மாத்தித்தான் செய்வா. ஒனக்கென்ன தெரியும்?” உரித்த உள்ளியையே மறுபடி உரித்தாள். “கோயம்புத்தூர்க்காரருக்கு எழுவது வயசுங்குத, மண்ட கொழம்பியிருக்கும். முடியிருக்குன்னு நெனச்சிட்டிருப்பாரு.”

இசக்கி அடுத்த உள்ளியை எடுத்தாள்.

“எப்பம்?” என்றாள் பேச்சியம்மாள்.

“என்ன பெரியம்மா?”

“அந்த நாற்காலி எப்பம் காலியாச்சு?”

“தெரியல. கறையான் ஏறுன வருசம் பாக்கும்போதே காலியாத்தான் இருந்திருக்கு.”

“அப்பம் நான் இத்தன நாளா யார்ட்டட்டி பேசிக்கிட்டிருந்தேன்?”

குயிலி எட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். பேச்சியம்மாள் பிள்ளையை வாங்கவில்லை. “தூக்கிட்டுப் போ. கண்ணு எரியும், உள்ளி” என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. மறுநாள் அள்ளிக்கொட்டியிருந்தது. பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள், ஆனால் ஒருத்தியும் உடைமுள்ளுக்குப் புகார் எழுதிப் போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஆறுமுகநயினார் அவளுக்கென்று கட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நேரம் முடிந்ததும் திரும்ப எடுத்து வைத்தார். மலர் அச்சுக்குப் போகாமல் நின்றது. ஃபர்சானா தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள், இசக்கியின் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்காமல் ஓடிப்போவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். பழைய சேலை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் முறையாக, வலமிருந்து இரண்டாவது நாற்காலியைப் பார்த்தாள். பிரம்பு நாற்காலி. முதுகில் ஒரு பின்னல் விட்டிருந்தது. அதில் விரலை வைத்தபடி வெகு நேரம் இருந்தாள். அழுதாள், சத்தமில்லாமல்தான், ஆனால் ஆறுமுகநயினார் வாசலில் போய் நின்று, வந்தவர்களையெல்லாம் இன்றைக்குப் பார்வை நேரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார். இசக்கி பிள்ளையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி.”

“சொல்லுங்க பெரியம்மா.”

“இந்தம்மாவுக்குக் கன்னம் வீங்கியிருக்கு, பாத்தியா?”

இசக்கி வந்து பார்த்தாள். கண்ணாடிக்காரம்மாளின் ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் அவள் கண்ணில் படவில்லை.

“கடவாய்ப் பல்லு. ரெண்டு மாசத்துக்கு முந்தியும் இப்படித்தான் வீங்கிச்சு, பெறவு வத்திச்சு. இவளுக்கு ஏன்னு கேக்க ஆளில்லையா?”

“ஒரு அண்ணன் இருக்காரு. டவுன்லதான். அவரு இவங்க செத்துப்போயிட்டதா நெனச்சு வருசா வருசம் மெழுகுவர்த்தி ஏத்துறாரு.”

“பல்லு வலியோட இருக்கிறவளுக்கு எதுக்கு மெழுகுவர்த்தி?” பேச்சியம்மாள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “எந்திரி. ஆட்டோ கூப்பிடு. பிள்ளைக்குப் பால் எடுத்துக்கிட்டியா?”

ஆட்டோ டவுன் எல்லைக்கு வந்ததும் பேச்சியம்மாள், “அந்த ஓட்டக்காரப் பிள்ளட்ட சொல்லு, திருத்தத்தப் பெருசாவே போடட்டும்” என்றாள். அவ்வளவுதான். இசக்கி அங்கேயே ஃபர்சானாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

தாவீது சார் வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மெலிந்த, நெட்டையான மனிதர், சட்டைப் பையில் பேனா. நாமே சொல்லிவிடுவோம் என்று இசக்கி வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள், வணக்கம் சார், நாங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம், ஒரு அச்சுப் பிழை சம்பந்தமாக, என்று. பேச்சியம்மாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

“சார், ஒங்க தங்கச்சி சாகல. பல்லு வலியோட இருக்கா.”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். இசக்கி அவரை உட்காரவைத்து, முந்தானையையும் சட்டைப் பையையும் நெகட்டிவையும் எடுத்துச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, இசக்கியைப் பார்க்காமல் பேச்சியம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க அவளைப் பாத்திருக்கீங்களா?”

“வாரா வாரம்.”

“எப்படி இருக்கா?”

பேச்சியம்மாள் சொன்னாள். முதலில் பார்த்தபோது ஒட்டிப்போய் இருந்ததையும், அந்த வருசம் கார்த்திகைக்குப் பிறகு கொஞ்சம் சதை பிடித்ததையும், கண்ணாடி வந்ததையும், அந்தக் கண்ணாடி ஒடிந்து வேறு கண்ணாடி வந்ததையும், ஒருமுறை ஒரு மாதம் முழுக்கக் கண் அழுது வீங்கியே இருந்ததையும், அது யாருக்கோ துக்கமாக இருக்கும், கேட்கமுடியவில்லை என்பதையும், அதற்குப் பிறகு மெதுவாகத் தேறியதையும், மழைக்காலம் வந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதையும், யாரோ அவளுக்கு நன்றாகத் தலைவாரி விடுகிறார்கள், தனக்குத்தானே சீவினால் உச்சி இவ்வளவு நேராக வராது, அதனால் கூட யாரோ இருக்கிறார்கள் என்பதையும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக, ஒன்று விடாமல், தன் அக்காவுக்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தாவீது சார் இடையில் ஒரு தடவை மட்டும், “மழைன்னா அவளுக்கு உசிரு” என்றார். குயிலி தூங்கிவிட்டிருந்தாள்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் ஆனதும் பேச்சியம்மாள் எழுந்தாள். “தேடுங்க சார். வடக்கேன்னு சொல்லுதாவ, மழை ரொம்பப் பெய்யிற ஊராப் பாத்துத் தேடுங்க. நான் வாரேன்.”

“உங்க அக்கா பேரு என்னன்னு சொன்னீங்க?”

“வள்ளிமுத்து.”

“நெட்டையா, கறுப்பா, பேசும்போது கைய வீசி வீசிப் பேசும், அந்தப் பிள்ளையா? எங்க வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லாவோட வந்திருக்காளே. இந்த அறைதான். எங்க அப்பாகூட ஒரு பெரிய வாக்குவாதம், பத்திரிகையில மேலதிகாரிய எழுதலாமா கூடாதான்னு. அப்பாவை அப்படி எதுத்துப் பேசி நான் யாரையும் பாத்ததில்ல. ஜெயிச்சுட்டா. ஜெயிச்சுட்டு, பசிக்குதுன்னு சொன்னா.”

பேச்சியம்மாள் வாசல்வரைக்கும் போயிருந்தவள் திரும்பி வந்தாள், நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன சாப்பிட்டா? மொதல்ல இருந்து சொல்லுங்க.”